வேலிச் சிலந்தியும் அதன் நூலும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொங்கலுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. வழக்கம்போல வீட்டுக்கு வீடு ஒட்டடைக் கம்பு வெளியே வரும். இந்த வருடம் அதோடு ஒரு கோரிக்கையும் செயலாளரிடம் வந்திருக்கிறது. கிழக்கு மதிலுக்கு அப்பால் உள்ள முள்வேலியில் அழுக்குப் பஞ்சு மாதிரி சிலந்திக் கூடுகள் தொங்குகின்றன அல்லவா, அவற்றை மருந்தடித்து ஒழிக்க வேண்டும் என்பது கோரிக்கை. முடிவெடுப்பதற்கு முன் அந்தச் சிலந்தி எப்படி நூல் நூற்கிறது, அதன் மரபணுவில் அந்த வித்தை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். படித்துத் தெரிந்துகொண்டதை எனக்குப் பழக்கமான கணக்குப் பாஷையில் சொல்கிறேன்.

நம் ஊர்க் கோயிலில் ஆனைமடுவைப் பார்க்கும்போது ஐராவதத்தின் கதையைச் சொல்வோம். சிலந்திக்கும் நம்மிடம் ஒரு கதை உண்டு. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் இலை சருகு விழாமல் இருக்க ஒரு சிலந்தி பந்தல் கட்டியது, அதுவே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பார்கள். சிலந்தி நூலை வெறும் குப்பையாக நம் முன்னோர் நினைக்கவில்லை என்பதற்காகச் சொன்னேன். இனி வேலிக்கு வருவோம்.

அந்தக் கூட்டில் இருப்பது ஒரு சிலந்தி இல்லை. சில பத்திலிருந்து சில நூறு வரை ஒன்றாக வாழும் கூட்டுக் குடும்பம். அறிவியலில் இதற்கு ஸ்டெகோடைபஸ் சரசினோரம் என்று பெயர். பால் சரசின், ஃப்ரிட்ஸ் சரசின் என்ற இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்கள் இலங்கையில் உயிரினங்களைச் சேகரித்தார்கள். அந்தச் சேகரிப்பைப் பார்த்து 1892-ல் கார்ஷ் என்ற ஜெர்மானியர் இந்த இனத்தை விவரித்து, அவர்கள் பெயரையே வைத்தார். இந்தியாவின் வறண்ட முள்காடுகளில் இது சாதாரணமாகக் கிடைக்கும். நமக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திராவின் குப்பத்தில் இந்தச் சிலந்திகளைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். திருவனந்தபுரம் ஐசர் நிறுவனத்தின் ஹேமா சோமநாதனும் அவருடைய மாணவர்களும், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தாரும் அந்த ஆராய்ச்சிகளைச் செய்தவர்கள்.

உலகத்தில் 50,000 சிலந்தி இனங்களுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் இப்படிக் கூடி வாழ்பவை மிகச் சொற்பம். பெரும்பாலான சிலந்திகள் பக்கத்தில் வந்த இன்னொரு சிலந்தியை இரையாகத்தான் பார்க்கும். நம் வேலியில் இருப்பவை சேர்ந்து வலை பின்னுகின்றன, பெரிய வண்டு சிக்கினால் சேர்ந்து இழுக்கின்றன, சேர்ந்து சாப்பிடுகின்றன. நூல் என்பது புரதம். புரதம் சம்பாதிப்பது சிலந்திக்குப் பெரிய செலவு. அந்தச் செலவைக் கூட்டாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாம் மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டுகிறோமே, அது மாதிரிதான்.

இப்போது நூலுக்கு வருகிறேன். சிலந்தி நூல் என்றால் ஒரே நூல் என்று நினைக்கிறோம். உங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று நான்கு வகையைப் பார்க்கலாம். ஜன்னலில் குதித்துத் திரியும் சின்னச் சிலந்தியைக் கவனியுங்கள். குதிக்கும்போது பின்னால் ஒரு மெல்லிய இழை வரும். தவறி விழுந்தால் பிடித்துக்கொள்ள அது உயிர்க்கயிறு. அந்த இழையைச் சுவரில் ஒட்டவைக்கும் சின்னப் புள்ளி வேறு வகை நூல். சுவரில் தட்டையாக ஓடும் பெரிய சிலந்தி வயிற்றுக்கடியில் வெள்ளை வட்டத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகுமே, அது முட்டைப் பை. அதன் நூல் இன்னொரு வகை. அந்தப் பெரிய சிலந்தி வலையே கட்டாது. இரவில் கரப்பான் பூச்சியைத் துரத்திப் பிடிப்பது அதன் வேலை. இரையைச் சுற்றிக் கட்டும் நூல் மற்றொரு வகை.

தோட்டத்தில் வட்ட வலை கட்டும் சிலந்தியின் வயிற்றுக்குள் ஏழு வகைச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொரு சுரப்பியும் ஒவ்வொரு சரக்கு தயாரிக்கிறது. வலையின் சட்டத்துக்கு ஒன்று, சுற்று இழைக்கு ஒன்று, அதன் மேல் தடவும் பசைக்கு ஒன்று என்று கணக்கு. இந்தச் சரக்கின் பொதுப்பெயர் ஸ்பைட்ராயின். ஒவ்வொரு ஸ்பைட்ராயினுக்கும் தனி மரபணு உண்டு.

நம் வேலிச் சிலந்தியிடம் பசை கிடையாது. அதன் வயிற்றின் அடியில் சல்லடை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. அதிலிருந்து ஆயிரக்கணக்கான இழைகள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றும் நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடைசிக் காலில் உள்ள சீப்பு போன்ற மயிர்வரிசையால் அவற்றைச் சீவிச் சீவிப் பஞ்சாக்குகிறது. பூச்சியின் கால் அதில் மாட்டினால் விடுபடாது. ஈரப் பசை காய்ந்துபோகும், தூசி படிந்தால் கெட்டுப்போகும். இந்தப் பஞ்சு நூல் வெயிலில் நாள்கணக்கில் வேலை செய்யும். சிவகங்கைச் சீமையின் வெயிலுக்கு ஏற்ற ஏற்பாடு. நாம் அழுக்குப் பஞ்சு என்று சொல்வது இதைத்தான்.

மரபணு என்றால் என்ன? டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்தில் எழுதிய பேரேடு. ஏ, டி, ஜி, சி என்பவை அந்த எழுத்துகள். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஒரு அமினோ அமிலம். அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் புரதம். இது மனிதனுக்கும் பொது, சிலந்திக்கும் பொது.

சிலந்தி நூலின் மரபணுவில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று அலனின், மற்றது கிளைசின். ஜி, சி என்று தொடங்கினால், மூன்றாவது எழுத்து எதுவானாலும் அலனின். ஜி, ஜி என்று தொடங்கினால் கிளைசின். இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம்.

அலனின் ஏழெட்டு வரிசையாக வந்தால், அந்த இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் படிந்து, பாய்களை அடுக்கியது மாதிரி கெட்டியான கட்டியாகின்றன. நூலுக்கு உறுதி கொடுப்பது இந்தக் கட்டிகள். கிளைசின் அதிகமான இடங்கள் தளர்வாக, சுருண்டு கிடக்கும். இழுத்தால் நீளும். இந்த இரண்டும் மாறி மாறி நூற்றுக்கணக்கான தடவை வருவதால் நூல் உறுதியாகவும் இருக்கிறது, இழுத்தால் அறுபடாமலும் இருக்கிறது. வட்ட வலைச் சிலந்தியின் உயிர்க்கயிறு, அதே எடையுள்ள எஃகுக் கம்பியைவிட அதிகப் பாரம் தாங்கும். அதே சிலந்தியின் சுற்று இழையில் கிளைசினோடு புரோலின் என்ற அமிலம் சேர்ந்து வருகிறது. அது சுருள்வில் மாதிரி வேலை செய்வதால் அந்த இழை தன் நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளும். பூச்சி வேகமாக வந்து மோதினாலும் வலை கிழியாமல் இருப்பது அதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை காலம் ஆனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மரபணுவை முழுசாக ஒரே மூச்சில் படிக்க முன்பெல்லாம் முடியாது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, படித்து, ஓரங்களைப் பொருத்தி ஒட்டவைக்க வேண்டும். ஒரு பழைய லெட்ஜர் கிழிந்து துண்டு துண்டாகிவிட்டது என்று வையுங்கள். வெவ்வேறு பதிவுகள் இருந்தால் பொருத்திவிடலாம். ஒரே ஆள் மாதாமாதம் அதே 500 ரூபாய் கட்டிய பதிவு முந்நூறு வரிக்கு இருந்தால்? ஒரு துண்டு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது, மொத்தம் எத்தனை வரி என்று யாராலும் சொல்ல முடியாது. சிலந்தி நூலின் மரபணு அப்படிப்பட்ட லெட்ஜர்.

1990-ல் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஸூ, லூயிஸ் என்ற இருவர் முதன்முதலாக ஒரு பகுதியைப் படித்து வெளியிட்டார்கள். ஒரு உயிர்க்கயிற்று மரபணுவைத் தலை முதல் கால் வரை முழுசாகப் படிக்க 2007 ஆனது. நாடியா அயூப், செரில் ஹயாஷி முதலியோர் கருப்பு விதவைச் சிலந்தியில் அதைச் செய்தார்கள். அந்தப் புரதத்தில் 3,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருந்தன. நம்மில் பலர் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51 தான். ஒப்பிட்டுப் பாருங்கள்.

2014-ல் நம் வேலிச் சிலந்திக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் பங்காளி, ஸ்டெகோடைபஸ் மிமோசாரம் என்ற இனத்தின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தாரும் சீன விஞ்ஞானிகளும் சேர்ந்து படித்தார்கள். சிலந்தி உலகத்திலேயே முதலில் படிக்கப்பட்ட தொகுதிகளில் அது ஒன்று. சுமார் 255 கோடி எழுத்துகள். மனிதனுடையது சுமார் 300 கோடி. நாம் ஒட்டடை என்று தட்டிவிடும் ஜீவனின் பேரேடு நம்முடையதைவிட ரொம்பச் சின்னது இல்லை.

2017-ல் அமெரிக்கத் தங்க வலைச் சிலந்தியின் தொகுதி வெளியானது. அதில் 28 ஸ்பைட்ராயின் மரபணுக்கள் இருந்தன. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பொன் நிற வலை கட்டும் பெரிய சிலந்தி அதற்கு நெருங்கிய சொந்தம். 2022-ல் ஜப்பானியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களின் நூல் மரபணுக்களைப் படித்து, எந்த எழுத்து வரிசைக்கு எந்த உறுதி என்று பக்கத்தில் எழுதி ஒரு பெரிய பட்டியலே போட்டார்கள்.

ஏழு வகை நூலுக்கு இத்தனை மரபணு எப்படி வந்தது? நகல் எடுத்துத்தான். பழங்காலத்தில் இருந்த ஒரு மரபணு தற்செயலாக இரட்டிப்பானது. பழையது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நகலில் மாற்றம் நேர்ந்தாலும் சிலந்திக்கு நஷ்டம் இல்லை. பல கோடி வருடங்களில் அந்த நகல் வேறு நூலுக்கு உரியதாக மாறிவிட்டது. வங்கிப் படிவங்களைப் பாருங்கள். மேலே தலைப்பும் கீழே கையெழுத்து இடமும் எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி இருக்கும், நடுவில் உள்ள விவரம்தான் மாறும். ஸ்பைட்ராயினும் அப்படித்தான். தலையும் வாலும் கோடிக்கணக்கான வருடங்களாக ஏறக்குறைய மாறவில்லை. நடுவில் திரும்பத் திரும்ப வரும் பகுதி மட்டும் வகைக்கு வகை வேறு.

தலையும் வாலும் மாறாததற்குக் காரணம் இருக்கிறது. சுரப்பிக்குள் நூல் திரவமாகத்தான் இருக்கிறது. நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு புரதம் உள்ள கெட்டியான பாகு. அது உள்ளேயே உறைந்துவிட்டால் சிலந்தியின் கதை முடிந்தது. வெளியே வந்தபின்னும் உறையாவிட்டால் நூலே இல்லை. பாகு வெளியேறும் குழாய் போகப்போகக் குறுகுகிறது, உள்ளே புளிப்புத் தன்மை ஏறுகிறது. புளிப்பு ஏறியதும் ஸ்பைட்ராயின்களின் தலைகள் இரண்டிரண்டாகக் கோத்துக்கொள்கின்றன. கூடவே சிலந்தி காலால் இழுக்கிறது. இழுக்க இழுக்கப் பாகு நூலாகிறது. சாதாரண வெப்பத்தில், தண்ணீரில் கரைந்த புரதத்திலிருந்து, ஒரு கண் இமைக்கும் நேரத்தில் இது நடக்கிறது.

இதனால்தான் மரபணுவைப் படித்த பிறகும் சிலந்திப் பட்டு கடைக்கு வரவில்லை. கனடாவில் ஒரு நிறுவனம் மரபணுவை ஆட்டுக்குள் வைத்து, பாலில் நூல் புரதத்தை எடுத்துப் பார்த்தது. புரதம் கிடைத்தது, சிலந்தியின் நூல் அளவுக்குத் தரம் வரவில்லை. 2010-ல் கொரிய விஞ்ஞானிகள் பாக்டீரியாவில் முழு நீளப் புரதத்தைத் தயாரித்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. பாக்டீரியாவிடம் கிளைசினைத் தூக்கிவந்து கொடுக்கும் மூலக்கூறு போதவில்லை. அச்சகத்தில் ஒரே எழுத்து அத்தனை தடவை வந்தால் அச்செழுத்து தீர்ந்துபோகுமே, அது மாதிரி. அந்த மூலக்கூறை அதிகமாகத் தயாரிக்கும்படி பாக்டீரியாவைத் திருத்திய பிறகுதான் வேலை நடந்தது. 2023-ல் சீனாவில் சிலந்தியின் ஒரு மரபணுவைப் பட்டுப்புழுவுக்குள் வைத்து, புழுவையே நூற்கவைத்தார்கள். இப்போதைக்கு நம்பிக்கை தருவது அந்த வழி.

பட்டுப்புழுவை நமக்குத் தெரியும். தருமபுரி அங்காடியில் கூடு ஏலம் போகிறது, காஞ்சிபுரத்தில் சேலையாகிறது. புழுவின் நூல் வாயிலிருந்து வருகிறது, சிலந்தியின் நூல் வயிற்றின் கடைசியிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் வம்சத் தொடர்பு இல்லை, தனித்தனியாக வந்த வித்தை. ஆனாலும் புழுவின் மரபணுவிலும் கிளைசின், அலனின், கிளைசின், அலனின் என்றுதான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. சிலந்தியை ஏன் பண்ணையில் வளர்க்கக் கூடாது என்று கேட்பீர்கள். ஒன்றையொன்று தின்றுவிடும். மடகாஸ்கரில் காட்டிலிருந்து சிலந்திகளைப் பிடித்து, நூலை இழுத்துக்கொண்டு திரும்பக் காட்டிலேயே விட்டு, பொன் நிறத்தில் ஒரு மேலங்கி நெய்தார்கள். 2012-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதை வைத்தார்கள். அந்த ஒரு அங்கிக்கு 12 லட்சம் சிலந்திகள் தேவைப்பட்டன.

மறுபடி வேலிக்கு வருகிறேன். கூடி வாழும் இந்தச் சிலந்திகள் பெரும்பாலும் தங்கள் கூட்டுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்கின்றன. தலைமுறை தலைமுறையாக நெருங்கிய சொந்தத்துக்குள் நடப்பதால், மரபணு வேறுபாடு மிகக் குறைந்துவிட்டது. இந்தப் பேரினத்தில் கூடி வாழும் மூன்று இனங்களையும் ஆராய்ந்தவர்கள் 2017-ல் அதை வெளியிட்டார்கள். நம் இனமும் அந்த மூன்றில் ஒன்று. கணக்குப் பாஷையில் சொன்னால் அதன் கையிருப்பு குறைவு. புது நோயோ புது விஷமோ வந்தால் சிலதாவது தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கூடு போனால் ஒரு குடும்பம் முழுசாகப் போகிறது.

உங்கள் பயங்களையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைக் கடிக்குமா? இந்தச் சிலந்தி கூட்டையும் வலையையும் விட்டு வீட்டுக்குள் வருவதில்லை. மனிதருக்கு ஆபத்தானவை என்று மருத்துவர்கள் சொல்லும் சிலந்திகளில் இது சேராது. எட்டுக்கால் பூச்சியின் சிறுநீர் பட்டு உடம்பில் கொப்புளம் வந்தது என்று நம் பக்கம் சொல்வோம். அதில் பல அக்கியாக இருக்கும். அது ஒரு வைரஸால் வருவது. கொப்புளம் வந்தால் சிலந்தியைத் தேடாமல் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போங்கள். சீக்கிரம் போனால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். சிலந்தி இருந்தால் கொசுவே வராது என்று நான் சொல்லவில்லை. கொசுவுக்கு மாடித் தொட்டியை மூடுவதுதான் வழி. ஆனால் வேலியில் அடிக்கும் பூச்சி மருந்து சிலந்தியோடு நிற்காது. முருங்கைப் பூவுக்கு வரும் தேனீயையும் கொல்லும்.

என் கோரிக்கை மூன்று.

ஒன்று, வீட்டுக்குள் தாராளமாக ஒட்டடை அடியுங்கள். பொங்கலுக்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டும். சுவரில் ஓடும் பெரிய சிலந்தியை மட்டும் அடிக்காமல் ஒரு டப்பாவால் மூடி, அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடுங்கள்.

இரண்டு, கிழக்கு வேலியில் மருந்து அடிக்க வேண்டாம். அந்தப் பணத்தை மாடித் தொட்டி மூடிகளுக்குச் செலவிடலாம்.

மூன்று, வேலியில் இருப்பது சீமைக்கருவேலம். அதை என்றாவது வெட்டத்தான் வேண்டும், நானும் ஒப்புக்கொள்கிறேன். வெட்டும்போது கூடு உள்ள கிளையை மட்டும் தனியாக அறுத்து, மேற்கே இருக்கும் இலந்தை மரத்தில் கட்டிவிடலாம். ஆராய்ச்சிக்காரர்களும் கூட்டைக் கிளையோடுதான் எடுத்துப்போகிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு, வெயில் ஏறும் முன் செய்தால் அரை மணி நேர வேலை. முள் குத்துவதுதான் ஒரே சிரமம். இரண்டு பேர் வந்தால் போதும், அதில் ஒருவர் நான்.

மருந்தடிப்பது பற்றிய வாக்கெடுப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை. அதற்குள் ஒரு நாள் காலையில், பனி இறங்காத நேரத்தில், கிழக்கு மதில் பக்கம் போய்ப் பாருங்கள். பஞ்சு நூலில் பனித்துளி கோத்திருக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்த்துவிட்டு எப்படி வாக்களித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.